கர்ப்ப காலத்தில் வேலையிடத்துச் சிகரெட் புகை: எதைக் கேட்பது, எப்படித் தடுப்பது

கேள்வியின் சுருக்கம் இது. கருவுற்று 11 வாரம். அலுவலகத்தில் இருக்கைக்குப் பின்னால் மாடிப்படிக் கதவு. உடன் வேலை செய்பவர்கள் நாலைந்து பேர் அங்கே நின்றுதான் சிகரெட் பிடிக்கிறார்கள். மேலாளர் தன் அறைக்குள்ளேயே பிடிக்கிறார். மாலைக்குள் தலைவலியும் குமட்டலும் வந்துவிடுகின்றன. குழந்தைக்கு இது எவ்வளவு கெடுதல்? மாஸ்க் போதுமா? ஏர் பியூரிஃபையர் வைக்கலாமா? வாய் திறந்தால் வேலைக்கு ஆபத்து வருமா?

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். புகையும் நீங்களும் ஒரே காற்றில் இருக்கக் கூடாது. ஒன்று, புகை கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். இல்லையென்றால் உங்கள் இருக்கை அந்தக் காற்று வராத இடத்துக்குப் போக வேண்டும். மாஸ்க், பியூரிஃபையர், திறந்த ஜன்னல் எல்லாமே அந்த மாற்றம் நடக்கும்வரை நாளைக் கடத்த மட்டும் உதவும். பிரசவம் வரை பொறுத்துப் போகலாம் என்று நினைத்தால் இன்னும் 29 வாரம் இருக்கிறது. அது நீண்ட காலம். இந்த வாரமே தொடங்குங்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

சிகரெட்டிலிருந்து இரண்டு விதமாகப் புகை வருகிறது. பிடிப்பவர் இழுத்து ஊதுவது ஒன்று. விரலிடுக்கில் சும்மா இருக்கும்போது எரியும் நுனியிலிருந்து எழுவது இன்னொன்று. அறையில் சேர்வதில் பெரும்பகுதி இந்த இரண்டாவதுதான். இழுக்காத நேரத்தில் நெருப்பின் சூடு குறைவு, புகையிலை அரைகுறையாகத்தான் எரிகிறது. அந்தப் புகை எந்த ஃபில்டரையும் தாண்டி வருவதில்லை. அதனால் எடைக்கு எடை பார்த்தால், பிடிப்பவர் உள்ளே இழுப்பதைவிட இதில் நச்சு அதிகம். புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் 70 அளவுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை.

கர்ப்பிணிக்கு முக்கியமானவை இரண்டு. முதலாவது கார்பன் மோனாக்சைடு. ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய ஹீமோகுளோபினில் இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தில் ஆக்சிஜன் ஏற முடியாது. இந்த வாயு நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவின் இரத்தத்துக்கும் போகிறது. கருவின் ஹீமோகுளோபின் இதைத் தாயினுடையதைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், மெதுவாகத்தான் விடும். தூய காற்றுக்கு வந்ததும் உங்கள் இரத்தத்தில் இருப்பது நாலைந்து மணி நேரத்தில் பாதியாகும். குழந்தைக்கு இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும். இரண்டாவது நிகோடின். இது இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, நஞ்சுக்கொடியைக் கடக்கிறது, கருவின் மூளையும் நுரையீரலும் உருவாகும் விதத்தில் தலையிடுகிறது.

எவ்வளவு கெடுதல் என்பதற்கு, தாங்கள் பிடிக்காமல் பிறர் புகையை மட்டும் சுவாசித்த கர்ப்பிணிகளை வைத்து நடந்த பல ஆய்வுகளை 2008-லும் 2011-லும் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பிறப்பு எடை சராசரியாக 30 முதல் 40 கிராம் குறைகிறது. 2,500 கிராமுக்குக் கீழே பிறக்கும் வாய்ப்பு சுமார் 22% கூடுகிறது. வயிற்றிலேயே இறந்து பிறக்கும் வாய்ப்பு சுமார் 23%, பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு சுமார் 13% கூடுகின்றன. இந்தச் சதவீதங்களைப் பார்த்து நெஞ்சு பதற வேண்டாம், அவற்றைப் படிக்கும் விதம் இது: ஒரு பேச்சுக்கு ஆயிரம் கர்ப்பத்தில் 5 குழந்தைகள் இறந்து பிறக்கும் இடத்தில், புகையோடு அது 6 ஆகிறது. தனிப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஆபத்து சிறியதுதான். ஆனால் அந்த ஒன்று முழுக்கத் தவிர்க்கக்கூடியது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். பாதுகாப்பான குறைந்தபட்ச அளவு என்று ஒன்று கிடையாது என்று அமெரிக்க அரசின் தலைமைப் பொது சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் 2006 அறிக்கை தெளிவாகவே சொன்னது.

இதுவரை சுவாசித்துவிட்டேனே என்ற குற்ற உணர்ச்சி பலருக்கு வருகிறது. கடந்த 11 வாரங்களை உங்களால் மாற்ற முடியாது. ஆனால் கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் இரத்தத்தை விட்டுப் போய்விடும், நிகோடினும் நாள் கணக்கில் வெளியேறிவிடும். குழந்தை எடை போடுவதே பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான். இன்று நிறுத்தினால் இன்றிலிருந்தே பலன் உண்டு. இதைக் கழுவி வெளியேற்றும் ஜூஸ், மாத்திரை, மூலிகை என்று எதுவும் இல்லை. அப்படிச் சொல்லி விற்பதை, அதுவும் கர்ப்ப காலத்தில், வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

இ-சிகரெட், வேப் பிடிப்பவர்கள் "வெறும் நீராவிதான்" என்பார்கள். அது நீராவி இல்லை. நிகோடினும் மிக நுண்ணிய துகள்களும் வேறு வேதிப்பொருட்களும் கலந்த தெறிப்பு. கார்பன் மோனாக்சைடு அதில் பெரிதாக இல்லை என்பது உண்மை. ஆனால் நிகோடின் நிகோடின்தான். பீடி, சுருட்டு, ஹுக்கா எல்லாவற்றுக்கும் சிகரெட்டுக்குச் சொன்ன அதே விதி.

புகை எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்

பெரும்பாலோர் இதை நாகரிகப் பிரச்சினையாகத்தான் பார்க்கிறார்கள்: அவர் இங்கிதம் இல்லாதவர், நான் பொறுத்துக்கொள்ளாதவள் என்று. உண்மையில் இது முதலில் ஒரு காற்றோட்டப் பிரச்சினை. வழியைக் கண்டுபிடித்துவிட்டால் யாரிடம், எதை, எந்த வார்த்தையில் கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

டிஷ்யூ பேப்பரை 2 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளத்துக்கு ஒரு கீற்றாகக் கிழித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று அடுக்கு இருந்தால் பிரித்து ஒரே அடுக்காக எடுங்கள், அப்போதுதான் மெல்லிய காற்றுக்கும் அசையும். யாரும் பிடிக்காத நேரமாகப் பார்த்து மாடிப்படிக் கதவின் அடியிடுக்கில், தரையிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் கீற்றின் நுனி தொங்கும்படி பிடியுங்கள். நுனி உங்கள் பக்கம் வளைந்தால் காற்று உள்ளே வருகிறது. கதவின் பக்கம் இழுபட்டால் வெளியே போகிறது. கதவின் மேல் இடுக்கிலும் பாருங்கள். மேலேயும் கீழேயும் எதிரெதிர்த் திசையில் காற்று ஓடுவது படிக்கட்டுக் கதவுகளில் சகஜம். பிறகு இதையே ஏ.சி. ஓடும்போது, நின்றிருக்கும்போது, கழிவறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது என்று மாற்றி மாற்றிச் செய்து பாருங்கள். பத்து நிமிட வேலை.

இதில் அடிக்கடி தெரியவருவது ஒரு விஷயம். புகை வாடை வந்ததும் எல்லோரும் முதலில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவார்கள். அது அறையின் காற்றை வெளியே தள்ளும், சரிதான். ஆனால் போன காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டுமே! ஜன்னல் மூடியிருந்தால் அது வரும் ஒரே வழி படிக்கட்டுக் கதவின் இடுக்கு. புகையை விரட்டப் போட்ட ஃபேனே புகையை இழுத்து வருகிறது. செய்ய வேண்டியது நேர் எதிரானது. புகை இல்லாத பக்கத்து ஜன்னலில் ஒரு டேபிள் ஃபேனை உள்நோக்கி ஊதும்படி வைத்து, படிக்கட்டுக் கதவை மூடுங்கள். அறைக்குள் அழுத்தம் கொஞ்சம் கூடி, இடுக்கின் வழியே காற்று வெளியே போகத் தொடங்கும். டிஷ்யூ கீற்று திரும்பி வளைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஜன்னலுக்குக் கீழே யாரும் நின்று பிடிப்பதில்லை என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கதவடியில் ரப்பர் பட்டை, சட்டத்தைச் சுற்றி ஃபோம் டேப், சுவரில் வயர் போகும் ஓட்டைகளுக்கு சிலிகான், கதவு தானாக மூடிக்கொள்ள ஒரு டோர் குளோசர். பராமரிப்பு ஆளுக்கு அரை நாள் வேலைதான். அது தீ பாதுகாப்புக் கதவு என்றால் துளை போடவோ பூட்டவோ கூடாது. அதற்கென உள்ள சீல் பட்டைதான் போட வேண்டும், கட்டட நிர்வாகத்திடம் சொல்லிச் செய்யுங்கள். சிலிகான் உலரும்போது வாடை அடிக்கும். வார இறுதியில் போடச் சொல்லிவிட்டு அடுத்த நாள் வாருங்கள்.

மேலாளர் அறையின் கதை வேறு. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. அவர் அறைக்குத் தனி ஸ்பிளிட் என்றால், அவர் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டி புகை வெளியே வரும். டக்ட் வைத்த மைய ஏ.சி. என்றால் இன்னும் மோசம். எல்லா அறைக் காற்றும் மெஷினுக்குத் திரும்பும் ஒரே குழாயில் கலந்து, குளிர்ந்து, உங்கள் தலைக்கு மேல் உள்ள கிரில் வழியாகவே இறங்கும். கதவை மூடி வைத்திருக்கிறாரே என்பதற்கு அங்கே அர்த்தமே இல்லை. ஏ.சி.யில் இருக்கும் வலை தூசியைப் பிடிக்கும், புகைத் துகளைப் பிடிக்காது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தடுப்புச் சுவர் கூரைவரை போகாமல் பாதியில் நிற்பதும் பல அலுவலகங்களில் உண்டு. அந்த வழியாகவும் புகை தாராளமாக வரும்.

"ஓர் அறையைப் புகைபிடிக்க ஒதுக்கிவிடுகிறோம்" என்று நிர்வாகம் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காற்றோட்டத்தாலோ, காற்றுச் சுத்திகரிப்பாலோ, தனி அறையாலோ பிறரைக் காக்க முடியாது, கட்டடத்துக்குள் முழுத் தடை ஒன்றே வழி என்பது மேலே சொன்ன சர்ஜன் ஜெனரலின் 2006 அறிக்கையின் முடிவு. குளிர்சாதன, காற்றோட்டப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரேயும் அதையே சொல்கிறது. ஃபேன் விற்பவர்களின் பக்கம் நிற்கக்கூடியவர்களே "இதை ஃபேனால் தீர்க்க முடியாது" என்று சொல்வது நிர்வாகத்திடம் நன்றாக எடுபடும்.

நேரக் கணக்கு ஒன்றும் தெரிந்திருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை காற்று மாறும் மூடிய அறையில் சிகரெட் அணைந்த பிறகு, புகை இருபதில் ஒரு பங்காகக் குறைய சுமார் 3 மணி நேரம் ஆகும். ஜன்னல்களைத் திறந்து மணிக்கு ஆறு முறை காற்று மாறும்படி செய்தால் அரை மணி நேரம். பிடித்தவர் கடைசியாக இழுத்த பிறகும் ஒன்று, ஒன்றரை நிமிடம் வரை அவர் மூச்சில் புகைத் துகள் வந்துகொண்டே இருக்கும். எனவே அணைத்தவுடன் உள்ளே வராமல், வெளியே இரண்டு மூன்று நிமிடம் நின்றுவிட்டு வரச் சொல்வது நியாயமான கோரிக்கைதான்.

வெளியில் எவ்வளவு தூரம்? திறந்த வெளியில், எரியும் சிகரெட்டுக்கு அரை மீட்டர் தூரத்தில் நிற்பவருக்கு அறைக்குள் இருப்பதுபோலவே புகை ஏறும். இரண்டு மீட்டர் தாண்டினால் வெகுவாகக் குறையும். ஆனால் பலர் கூடி நின்றாலோ, சுவர் மூலையிலோ கூரையடியிலோ நின்றாலோ இந்தக் கணக்கு எடுபடாது. வாசல், ஜன்னல், ஏ.சி. காற்றை உள்ளிழுக்கும் இடம் எல்லாவற்றிலிருந்தும் 7 முதல் 8 மீட்டர் தள்ளி என்பது பல இடங்களில் வைத்திருக்கும் அளவு. அதையே கேளுங்கள்.

மூக்கை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே வாடையில் சில நிமிடம் இருந்தால் மூக்குக்குப் பழகிவிடும், புகை இருந்தும் தெரியாது. மறுபக்கம், கர்ப்பத்தின் ஆரம்பத்தில் வாடை கூடுதலாகத் தெரியும். ஒருவர் சட்டையில் ஒட்டிய வாடைக்கே வாந்தி வரும், அதனால் குழந்தைக்குப் பெரிய அளவு போய்விட்டது என்று பொருளில்லை. ரூம் ஸ்ப்ரே வாடையை மறைக்கும், புகையை அல்ல.

மாஸ்க்கும் மெஷினும்

அறுவை சிகிச்சை மாஸ்க் பயன் தராது, ஓரங்களில் காற்று புகும். முகத்தில் சரியாகப் படிந்த என்95 துகள்களை நன்றாகவே தடுக்கும். கார்பன் மோனாக்சைடு, நிகோடின் ஆவி போன்ற வாயுக்கள் அதைத் தாண்டி வந்துவிடும். படிக்கட்டில் புகையைக் கடந்து போகும் இரண்டு நிமிடத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். எட்டு மணி நேரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். மூச்சு வாங்கினால் கழற்றிவிட்டு வெளிக்காற்றுக்குப் போங்கள்.

ஏர் பியூரிஃபையர் என்றால் நுண்துகள்களைப் பிடிக்கும் உண்மையான ஹெப்பா ஃபில்டரும், வாயுக்களையும் வாடையையும் உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பன் கிலோ கணக்கிலும் உள்ளதாக இருக்க வேண்டும். கார்பன் தூவிய மெல்லிய தாள் சில வாரத்தில் தீர்ந்துபோகும். அறைக்குத் தகுந்த அளவை இப்படிக் கணக்கிடலாம்: 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 36 கன மீட்டர். மணிக்கு 5 முறை சுத்தமாக வேண்டுமென்றால் 180. பெட்டியில் போட்டிருக்கும் சிஏடிஆர் (மெஷின் தரும் சுத்தக் காற்றின் அளவு), அதிலும் புகைக்கான எண், மணிக்கு 180 கன மீட்டருக்குக் குறையக் கூடாது. அதுவும் உச்ச வேகத்தில் ஓடினால்தான் கிடைக்கும். சத்தம் பொறுக்காமல் வேகத்தைக் குறைத்தால் பாதிகூடத் தேறாது. எந்தப் பியூரிஃபையரும் கார்பன் மோனாக்சைடை எடுக்காது. ஓசோன் வெளியிடும் மெஷின் எதையும் அருகில் வைக்காதீர்கள், ஓசோனே நுரையீரலுக்குக் கெடுதல்.

காசு செலவழிப்பதென்றால் காற்றிலுள்ள நுண்துகள்களை அளக்கும் சின்ன பிஎம் 2.5 மீட்டர் ஒன்று அதைவிடப் பயன் தரும். அது புகையைக் குறைக்காது, வாக்குவாதத்தைக் குறைக்கும். மேசையில், உட்கார்ந்து மூச்சுவிடும் உயரத்தில் வையுங்கள். மூன்று நாள், அரை மணிக்கு ஒரு முறை எண்ணையும் அந்த நேரத்தில் யார் எங்கே பிடித்தார்கள் என்பதையும் எழுதுங்கள். ஒருவரும் பிடிக்காத காலை நேரத்து அளவுதான் அடிப்படை. 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல். கதவு திறக்கும்போதெல்லாம் எண் பத்து மடங்கு ஏறி இறங்கும் தாளைக் காட்டினால் "உங்களுக்குத்தான் அப்படித் தோன்றுகிறது" என்று யாரும் சொல்ல முடியாது. பெருக்கும்போது எழும் தூசி, ஸ்ப்ரே, ஹியூமிடிஃபையர் ஆகியவையும் எண்ணை ஏற்றும், அவற்றைக் குறித்து வையுங்கள். வீட்டுக் கார்பன் மோனாக்சைடு அலாரம் இதற்கு உதவாது. உயிருக்கு ஆபத்தான அளவு வந்தால்தான் அது அடிக்கும்.

கேட்பது எப்படி

பழக்கத்தைப் பற்றிப் பேசாதீர்கள், இடத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். "உங்க உடம்புக்கும் நல்லதில்லையே" என்று ஆரம்பித்தால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். ஜாடையாக இருமுவதும் கையை விசிறுவதும் கோபத்தை வளர்க்குமே தவிரப் புகையை நகர்த்தாது. படிக்கட்டில் நிற்பவர்களில் நன்கு தெரிந்த ஒருவரைத் தனியாகப் பிடித்துச் சொல்லுங்கள்:

"அண்ணா, படிக்கட்டுல பிடிக்கிற புகை கதவு இடுக்கு வழியா நேரா என் சீட்டுக்குத்தான் வருது. கதவை மூடியும் பாத்துட்டேன், நிக்கல. கீழ இறங்கி வெளியில போய்ப் பிடிக்கிறீங்களா? மத்தவங்ககிட்டயும் நீங்களே சொல்லிடுங்க."

மேலாளரிடம் டாக்டரை முன்னே நிறுத்துங்கள்: "சார், சிகரெட் புகை இருக்கிற இடத்துல உட்காரவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாங்க. உங்க ரூம் காத்து ஏ.சி. வழியா என் இடத்துக்கு வந்துடுது. இனிமே வெளியில போய்ப் பிடிச்சா பெரிய உதவியா இருக்கும். அதுவரைக்கும் என் சீட்டை ஜன்னல் பக்கம் மாத்திக் கொடுங்க சார்." இரண்டு கோரிக்கைகளைச் சேர்த்து வைத்தால் ஒன்றாவது அன்றே நடக்கும். இருக்கை மாற்றம் பெரும்பாலும் உடனே கிடைத்துவிடும்.

சொல்லி ஒரு வாரத்தில் மாறவில்லை என்றால் எழுத்துக்குப் போங்கள். எச்.ஆர். துறைக்கு மின்னஞ்சல், ஒரு நகல் உங்கள் சொந்த முகவரிக்கு. அதில் இருக்க வேண்டியவை இவ்வளவே:

"நான் 11 வாரக் கர்ப்பிணி. இரண்டாம் தளத்தில் படிக்கட்டுக் கதவை ஒட்டிய இருக்கையில் பணிபுரிகிறேன். இம்மாதம் இந்தத் தேதிகளில், இந்த நேரங்களில், படிக்கட்டிலும் தளத்தின் உள்ளேயும் புகைபிடித்ததால் என் இருக்கையில் புகை பரவியது (குறிப்பேடு இணைப்பில்). புகையிலைப் புகை உள்ள இடத்தில் பணிபுரியக் கூடாது என்ற மருத்துவர் சான்றை இணைத்துள்ளேன். கட்டடத்தின் உட்பகுதியிலும் வாசல்களிலிருந்து 8 மீட்டருக்குள்ளும் புகைபிடிப்பதை நிறுத்தவும், அது நடக்கும்வரை என் இருக்கையை மாற்றவும் அல்லது வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். ஏழு நாட்களுக்குள் எழுத்துப்பூர்வப் பதில் வேண்டுகிறேன்."

மருத்துவர் சான்றில் "மாசு தவிர்க்கவும்" என்று பொதுவாக எழுதினால் ஒரு பலனும் இல்லை. "புகையிலைப் புகை உள்ள இடத்தில் பணிபுரியக் கூடாது, பிரசவம் வரை" என்று எழுதித் தரும்படி கேளுங்கள்.

பெரும்பாலான நாடுகளில் உங்களுக்குத் துணையாக மூன்று வகைச் சட்டம் இருக்கும்: புகையிலைக் கட்டுப்பாடு, தொழிலிடப் பாதுகாப்பு, மகப்பேறு பாதுகாப்பு. அயர்லாந்து 2004 மார்ச்சில் உணவகம், மதுக்கூடம் உட்பட எல்லா உள்ளரங்க வேலையிடங்களிலும் தடை போட்டது, நாடு முழுவதற்கும் அப்படிச் செய்ததில் அதுவே முதல். 2005-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் 180க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. அதன் 8-ஆவது பிரிவு உள்ளரங்க வேலையிடத்தில் புகையிலிருந்து பாதுகாப்புத் தரச் சொல்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183-ஆம் உடன்படிக்கை (2000), தாய்க்கோ குழந்தைக்கோ கெடுதலான வேலையைக் கர்ப்பிணி செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஏற்றுக்கொண்ட நாடுகளை அது கட்டுப்படுத்தும்.

மூன்றில் முதலில் எடுக்க வேண்டியது புகையிலைச் சட்டம் என்பது என் கருத்து. அதில் நீங்கள் கர்ப்பம் என்று சொல்லவே வேண்டியதில்லை, உடல் பாதிப்பை நிரூபிக்கவும் வேண்டாம். பிடிக்கக் கூடாத இடத்தில் பிடித்தார் என்பதே போதும். கர்ப்பத்தை இன்னும் அலுவலகத்தில் சொல்லாதவர்களுக்கும், சொன்னால் வேலை போகும் என்று பயப்படுபவர்களுக்கும் இது பெரிய வசதி. தனியாகப் புகார் கொடுப்பதைவிட, ஆஸ்துமா உள்ளவர், புகை பிடிக்காத மற்றவர்கள் என்று நாலைந்து பேர் கையெழுத்திட்டால் ஒருவரைக் குறிவைக்க முடியாது. தொழிற்சங்கம் இருந்தால் அதன் வழியே போங்கள். நகல், தேதி, பதில் எல்லாம் வீட்டில் இருக்கட்டும். பழிவாங்கும் எண்ணத்தோடு ஏதாவது நடந்தால், புகாருக்குப் பிறகுதான் நடந்தது என்று அந்தத் தேதிகள் காட்டும்.

அலுவலகம் அல்லாத வேலைகள்

வண்டியில் பயணம் செய்யும் வேலை என்றால், உடன் வருபவர் காருக்குள் பிடிக்கவே கூடாது. காரின் கொள்ளளவு சில கன மீட்டர்தான், ஒரு சிகரெட்டுக்கே புகை மிக அடர்த்தியாகிவிடும், ஜன்னலை இறக்கினாலும் போதாது. முன்பு பிடித்த வண்டி என்றால் நான்கு கதவுகளையும் பத்து நிமிடம் திறந்து வைத்துவிட்டு ஏறுங்கள். ஏ.சி.யை வெளிக்காற்று வரும்படி வையுங்கள்.

விடுதி அறை சுத்தம் செய்பவர்கள், விருந்தினர் புகைத்த அறையை முதலில் வேறொருவர் திறந்து ஜன்னல்களை விரித்து வைக்கும்படி முறை மாற்றிக் கேட்கலாம். அரை மணி நேரம் கழித்து நீங்கள் போங்கள். சாம்பல் தட்டு, படுக்கை விரிப்பு, திரைச்சீலையைத் தொட கையுறை போடுங்கள். நிகோடின் துணியிலும் சுவரிலும் படியும், தோல் வழியாகவும் ஏறும். வீடு வீடாகப் போகும் செவிலியர், பராமரிப்பாளர்களுக்கு: வருவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பிடிக்காமல் ஜன்னல்களைத் திறந்து வைக்கும்படி அந்த வீட்டுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும், அதை நீங்கள் அல்ல, உங்கள் நிறுவனம் சொல்ல வேண்டும். பிடித்துக்கொண்டே இருக்கும் வீட்டைப் பட்டியலிலிருந்து மாற்றக் கேளுங்கள்.

டாக்டரிடம்

அடுத்த பரிசோதனையில், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: தினம் எத்தனை மணி நேரம், எத்தனை பேர், எத்தனை வாரமாக. சில இடங்களில் மூச்சில் கார்பன் மோனாக்சைடு பார்ப்பார்கள். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை கர்ப்பிணிகளுக்கு இதை வழக்கமாகச் செய்கிறது, 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4 பங்கு) அல்லது அதற்கு மேல் வந்தால் காரணம் தேடுவார்கள். புகையே இல்லாமல் எண் அதிகம் வந்தால் வீட்டில் சரியாக எரியாத கேஸ் ஹீட்டர், அடுப்பு போன்றவற்றைச் சந்தேகிக்க வேண்டும், அது உடனடி ஆபத்து. நிகோடின் உடலில் உடைந்து உண்டாகும் கோட்டினினைச் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ பார்க்கலாம். கர்ப்பத்தில் அது சுமார் 9 மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். எனவே விடுமுறை முடிந்த காலையில் கொடுத்தால் ஒன்றும் தெரியாது. வேலை நாள் மாலையில் கொடுங்கள்.

ஆஸ்துமா இருந்தால் கர்ப்பம் என்பதற்காக இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூச்சுத்திணறல்தான் குழந்தைக்கு அதிக ஆபத்து. தலைவலியும் குமட்டலும் புகையை விட்டு விலகினால் சரியாகிறதா என்று கவனியுங்கள். இரத்தக் கசிவு, வயிற்றில் விட்டுவிட்டு இறுக்கம், மயக்கம், மூச்சுத்திணறல், பார்வை மங்கலோடு கடும் தலைவலி, பின்னாட்களில் குழந்தையின் வழக்கமான அசைவு குறைதல் ஆகியவை வந்தால் காரணம் புகைதானா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். 20 வாரத்துக்குப் பிறகு கடும் தலைவலி என்றால் இரத்த அழுத்தம் பார்த்தாக வேண்டும்.

வீட்டிலும் யாராவது பிடித்தால் அலுவலகத்தில் செய்யும் எல்லாம் பாதிதான். அங்கேயும் அதே விதி: வாசலுக்கு வெளியே, தள்ளி, முடித்ததும் சில நிமிடம் நின்று, கைகழுவி, மேல்சட்டையை மாற்றிவிட்டு உள்ளே.

பிரசவ விடுப்பில் போகும் முன் ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போதும் இருக்கை புகை வராத இடத்திலேயே இருக்கும் என்றும், பால் எடுத்து வைக்கத் தரும் அறை பழைய புகைபிடிக்கும் அறையோ படிக்கட்டை ஒட்டிய அறையோ அல்ல என்றும். பிறந்த குழந்தைக்கு, தூக்கத்தில் திடீரென இறந்துபோகும் ஆபத்தைப் பிறர் விடும் புகை கூட்டுகிறது. உங்கள் உடையிலும் முடியிலும் படிந்தது குழந்தையின் முகத்தருகே போகும். அந்த மின்னஞ்சலை விடுப்புக் கடிதத்தோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.